போதகரைத் தாங்கிய சபை

அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் வடகரையில் இருக்கும் சிற்றூர் ரிப்ளி. எதிர்க்கரை கென்டக்கி, அங்கே அடிமை முறை 1865 வரை சட்டப்படி செல்லுபடியானது. 1822இல் ரிப்ளியின் பிரஸ்பிட்டேரியன் சபைக்குப் போதகராக வந்த ஜான் ராங்கின், ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்களுக்குக் குன்றின்மேல் இருந்த தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். இரவில் சன்னலில் விளக்கு. கரையிலிருந்து மேலே ஏறச் செங்குத்தான படிகள். வரலாறு பெரும்பாலும் அவர் பெயரோடு நின்றுவிடுகிறது. சபைக்கும் அதில் பங்குண்டு என்பேன். பிரஸ்பிட்டேரியன் முறையில் பேராயர் கிடையாது. போதகரை அழைப்பது சபை, நிர்வாகம் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களிடம். அடிமைகளை வாங்கிய தம் சகோதரரைக் கண்டித்து ராங்கின் எழுதிய கடிதங்கள் 1826இல் நூலாகவே வந்துவிட்டன. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் போல அவர் அந்தப் பிரசங்க மேடையில் நிற்க முடிந்ததென்றால், கீழே உட்கார்ந்திருந்தவர்களின் சம்மதம் இல்லாமல் அது நடந்திருக்காது.

அதே பிரஸ்பிட்டேரியன் திருச்சபைதானே அடிமை முறையைப் பொறுத்துக்கொண்டது என்று கேட்கலாம். உண்மைதான். 1818இல் அதன் பொதுப் பேரவை அடிமை முறையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டில், அடிமை முறையை எதிர்த்துக் கடுமையாகப் பேசிய ஜார்ஜ் பார்ன் என்ற போதகரின் பதவிநீக்கத்தையும் உறுதிசெய்தது. மேலிடம் தயங்கியதால்தான் சிற்றூர்ச் சபையின் துணிவு கூடுதல் மதிப்புப் பெறுகிறது. உயிரைப் பணயம் வைத்தவர்கள் கறுப்பின மக்களே என்பது இதைவிட வலுவான மறுப்பு. தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கி, ரிப்ளியில் இரும்பு வார்ப்புப் பட்டறை நடத்திய ஜான் பார்க்கர், இரவில் படகோட்டிக் கென்டக்கிக்கே போய் ஆட்களை மீட்டு வந்தார். முதல் மரியாதை அவருக்கும் ஆற்றில் இறங்கியவர்களுக்கும்தான். சபையின் பங்கு அதற்கு அடுத்தது: கரையேறியவர்களுக்குத் திறக்க ஒரு கதவு ஊரில் இருந்தது.