போகத்துப் பணமும் அன்றாடச் செலவும்
குடும்ப வரவு செலவைத் திட்டமிடல்

உத்தியோகத்தர் வீட்டுக்கு மாதந்தோறும் பணம் வருகின்றது. கமக்காரக் குடும்பத்துக்கோ காலபோகம் வெட்டிய பின் ஒரு தடவையும், குளத்தில் நீர் இருந்து சிறுபோகம் செய்தால் இன்னொரு தடவையுமே பணம் வருகின்றது. செலவு மட்டும் நாள்தோறும் வருகின்றது. இந்த இடைவெளிக்குள்தான் கடன் நுழைகின்றது.

முன்னைய நாட்களில் இந்த இடைவெளியைத் தாங்கப் பல தூண்கள் இருந்தன. வீட்டில் நெல் இருந்தது. பட்டியில் மாடு நின்றது. கிணற்றடியில் தோட்டம் இருந்தது. அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் அயலவர் இருந்தனர். 1990இலும் 1995இலும் 2008-2009இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் நிலத்தோடு இந்தத் தூண்களையும் இழந்தன. மீளக்குடியேறியவர்களுக்கும், இன்னும் குத்தகை நிலத்திலும் கூலிவேலையிலும் காலம் கழிப்பவர்களுக்கும் பணத்தைத் திட்டமிடுதல் முன்னரை விட அவசியமாகின்றது. வசதி உள்ளவர் தவறவிட்டால் ஆசைப்பட்ட ஒன்று போகும்; நாம் தவறவிட்டால் பிள்ளையின் படிப்பும் காணியும் போகும்.

1. முதலில் கொப்பி

ஒரு சாதாரணப் பாடசாலைக் கொப்பி போதும். இடப்பக்கத்தில் வரவு, வலப்பக்கத்தில் செலவு. கூலி, முட்டை விற்ற காசு, அஸ்வெசும கொடுப்பனவு, உறவினர் அனுப்பியது யாவும் வரவில் சேர வேண்டும். வெற்றிலை, சிகரெட், சாராயம், தொலைபேசி மீள்நிரப்பல் ஆகியவற்றையும் செலவில் மறைக்காமல் எழுத வேண்டும். கடையில் கடனுக்கு வாங்கினாலும் அன்றே எழுதுங்கள். கடைக்காரரின் கொப்பியில் மட்டும் கணக்கு இருந்தால், மாத முடிவில் அவர் சொல்வதே கணக்கு. எழுதத் தெரியாதோர் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். ஒரு மாதம் எழுதினாலே காசு எந்த வழியால் போகின்றது என்பது விளங்கும்.

2. அறுவடைப் பணத்தைப் பங்கிடுதல்

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மூன்று ஏக்கர் வயல் செய்த குடும்பம் ஒன்றுக்கு உழவு, உரம், வெட்டுக்கூலி எல்லாம் கொடுத்த பின் 240,000 ரூபா மிஞ்சுகின்றது. பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் அடுத்த விதைப்புக்கு 80,000 ரூபாவும், அடைவு வைத்த நகையை மீட்க 40,000 ரூபாவும் வேண்டும். எஞ்சுவது 120,000 ரூபா. அதனை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 20,000 ரூபாவே. வீட்டுச் செலவு மாதம் 35,000 ரூபாவானால் 15,000 ரூபா குறைகின்றது. அறுவடை முடிந்த கையோடு இது தெரிந்தால், கோழி, வீட்டுத்தோட்டம், கூலிவேலை என்று வழி தேடலாம். பணம் முடிந்த பின் தெரிந்தால் கடன் ஒன்றுதான் வழி.

சாப்பாட்டு நெல்லை விற்க வேண்டாம். நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி சமைக்கும் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு 270 கிலோ அரிசி வேண்டும். நெல்லாகக் கணக்கிட்டால் 400 கிலோவுக்கு மேல். அறுவடைக் காலத்தில் மலிவாக விற்று, பின்னர் கடையில் அரிசியை விலை கூட்டி வாங்குவது இரட்டை நட்டம். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்ததும், 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதமளவுக்கு ஏறியதும் நினைவிருக்கும். அந்நாட்களில் காசின் பெறுமதி கரைந்தது; வீட்டில் நெல் வைத்திருந்தவர்களின் அடுப்பு எரிந்தது.

3. வட்டியை அறிந்து கடன் வாங்குதல்

எல்லாக் கடனும் தீயதன்று. விதைக்கும் நீர்ப்பம்பிக்கும் எடுக்கும் கடன் விளைச்சலாகத் திரும்பி வரலாம். சாமத்திய வீட்டு வீடியோவுக்கும் பந்தலுக்கும் எடுத்த கடன் எதனையும் விளைவிக்காது. எக்கடனானாலும் முதலில் வட்டியை ஆண்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள்.

நூற்றுக்கு மாதம் பத்து என்றால் ஆண்டுக்கு 120 வீதம். வியாபாரி ஒருவர் 30,000 ரூபா முற்பணம் தந்து, நான்கு மாதத்தில் கிலோ 80 ரூபாப்படி நெல்லாகக் கேட்கின்றார் என்று வைப்போம். நீங்கள் கொடுப்பது 375 கிலோ. சந்தை விலை 100 ரூபாவானால் அதன் பெறுமதி 37,500 ரூபா. வட்டி என்ற சொல்லே எழாமல் நான்கு மாதத்துக்கு 7,500 ரூபா வட்டி. ஆண்டுக் கணக்கில் 75 வீதம்.

கிழமைக் கடனும் இப்படித்தான். ஐம்பதாயிரம் ரூபாவுக்கு 24 வீத வட்டி என்று சொல்லி, 62,000 ரூபாவை 52 கிழமையில் அறவிடுவர். முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்து வருகின்றது. வட்டியோ முழுத்தொகைக்கும் போடப்படுகின்றது. உண்மையில் அது ஆண்டுக்கு 40 வீதத்துக்கும் மேல். அதோடு, போகத்துக்கு ஒரு தடவை பணம் காணும் குடும்பம் கிழமைக்கு ஒரு தடவை கட்டுவது எப்படி? ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்துப் பல பெண்கள் சிக்குண்டனர். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் திட்டம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

4. ஏற்கெனவே கடன்பட்டவர்கள்

கடன்பட்டது வெட்கத்துக்குரியதன்று, மறைப்பதே ஆபத்து. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது தவணை என்று எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஆகக்குறைந்த தவணையைக் கட்டி, மிஞ்சுவதை வட்டி கூடிய கடனுக்குப் போடுங்கள். கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை வருமுன்னரே கடன் தந்தவரிடம் சென்று கால நீடிப்புக் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திட வேண்டாம். காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ தனியாரிடம் ஈடாகக் கொடுக்கவும் வேண்டாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது என்பதையும் அறிந்திருங்கள்.

5. சேமிப்பு

செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் ஒருபோதும் மிஞ்சாது. கூலி கிடைத்த அன்றே சிறு தொகையை ஒதுக்குங்கள்; நாளுக்கு 50 ரூபா ஆண்டு முடிவில் 18,250 ரூபா. சீட்டுப் பிடிப்பதானால், ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு குழுவுக்குள் மட்டும் பிடியுங்கள். ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதில் சேருங்கள். 1906இல் தெல்தெனியவில் தொடங்கிய இம்முயற்சியின் அடிப்படை எளிது: அங்கத்தவரின் சேமிப்பே அங்கத்தவருக்குக் கடனாகின்றது.

இடம்பெயர்வு நமக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்றும் உண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம், அடைவுச் சீட்டு ஆகியவற்றை நீர்புகாத ஒரே பையில் வையுங்கள். பிரதிகளை வேறிடத்தில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளத்துக்கும் இது உதவும். புதைத்து வைத்த நகையை மீண்டும் எடுக்கமுடியாது போனோர் பலர். வங்கிக் கணக்கில் இருந்த பணமோ வேறு ஊருக்குப் போன பின்னும் உரியவரின் பெயரிலேயே இருந்தது.

6. இருவரும் அறிந்த கணக்கு

மனைவி பெயரில் கடன், செலவு கணவன் கையில். அல்லது கணவன் பட்ட கடன் மனைவிக்கே தெரியாது. இரண்டும் குடும்பத்தைக் குலைக்கும். கணவனை இழந்த தாய்மார் பலர், அவரது கடனையும் வரவையும் அறியாமல் பட்ட துன்பத்தை நாம் கண்டிருக்கின்றோம். கிழமைக்கு ஒரு மாலை இருவரும் கொப்பியை நடுவில் வைத்து இருங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் சேருங்கள். வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளை வீண் ஆசைப்படாது. தன் படிப்புக்காகப் பெற்றோர் எதனைத் தவிர்க்கின்றனர் என்பதையும் அறியும். அடுத்த ஆண்டில் யார் எந்த வகுப்பு, என்ன செலவு, வீட்டுக்கூரை எப்போது, அடுத்த பிள்ளை எப்போது என்பவற்றையும் அந்த இருப்பிலேயே பேசலாம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியோர். இவை யாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இக்கிழமை கொப்பியைத் தொடங்குங்கள். அடுத்த கிழமை கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள். அறுவடைக்கு முன்னர் பங்கீட்டைத் தீர்மானித்து விடுங்கள். நெல் விற்ற காசு கைக்கு வந்த பின் தீர்மானிப்பது கடினம்.