ஒரு வருஷத் தேசாந்திரம்: மலை இல்லாத நாட்கள்

பொலீவியாவின் உயூனி உப்பு வெளியைப் பற்றிச் சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், "ஒரு வருஷம் முழுவதும் திரிந்தீரே, கூரையில்லாத இடங்களுக்குள் உமக்கு மிகவும் பிடித்தது எது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடக் கூடாதா?" என்று கேட்டார். வாராவாரம் தொடர் எழுதுகிறவனிடம் ஒரே வார்த்தை கேட்பது அவனுடைய ஜீவனத்தில் கை வைப்பதாகும். இருந்தாலும் கேட்டவர் பழைய சிநேகிதராகையால் சொல்லிவிட்டேன்: படகோனியா. "அப்படியென்ன அங்கே?" என்றார். அதற்கு ஒரு வார்த்தை போதாது.

படகோனியா என்பது ஒரு தேசத்தின் பெயருமன்று, மாகாணத்தின் பெயருமன்று. தென் அமெரிக்கக் கண்டம் குறுகிக் குறுகி அண்டார்டிகாவை நோக்கி நீளும் அந்தக் கடைக்கோடியில், ஆண்டீஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவைச் சிலியும், கிழக்குச் சரிவையும் அதற்கப்பால் அட்லாண்டிக் கரைவரை பரந்து கிடக்கும் வறண்ட வெளியையும் அர்ஜெண்டினாவும் ஆண்டு வருகின்றன. ஆனால் இரண்டு அரசாங்கங்களுக்கும் மேற்பட்ட அதிகாரம் அங்கே காற்றுக்குத்தான். 50-வது தென் அட்சரேகையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக வீசிக்கொண்டே இருக்கும் அந்தக் காற்று உலகைச் சுற்றி வருகையில், சில சிறு தீவுகளைத் தவிர, அதை வழிமறிக்க இந்த மலைச் சுவரை விட்டால் வேறு நிலமே கிடையாது. பசிபிக் சமுத்திரத்தில் வாரிக்கொண்டு வந்த ஈரத்தையெல்லாம் அது மேற்குப் பக்கத்திலேயே மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுவதால், மலைத்தொடரின் முதுகில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பனிப்படலம் உறைந்து கிடக்க, கிழக்கே சிறிது தூரம் இறங்கியதுமே முட்புதரும் புழுதியுமாகிய வெற்றுவெளி ஆரம்பித்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையாளத்தில் பொழிந்து தீர்த்துவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குவதை வருஷந்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த நியாயம் புதிதன்று. அதன் அளவுதான் புதிது.

அழகான மலைகளும் ஏரிகளும் ஆல்ப்ஸிலும் உண்டு, நியூஸிலாந்திலும் உண்டு. அங்கே சௌகரியமும் அதிகம். எனினும் பத்து நாள் விடுமுறையில் ஓடி வருகிறவனுக்கும் வருஷக்கணக்கில் திரிகிறவனுக்கும் அந்த இடங்கள் ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன. படகோனியா அப்படியன்று. நீண்ட பிரயாணம் செய்கிறவனுடைய பணம் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வந்து, கடைசியில் அவனிடம் மீந்திருப்பது நாட்கள் மட்டுமே. அந்த ஒரே ஆஸ்தி வேறெங்கும் செல்லாவிட்டாலும் இங்கே செல்லும் என்பதை நான் முதலில் அறிந்தது பெரித்தோ மொரேனோ பனியாற்றின் எதிரில்.

எல் கலஃபாத்தே என்ற சிறு பட்டணத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் போனால் அந்தப் பனியாறு. மலை முதுகின் பனிப்படலத்திலிருந்து 30 கிலோமீட்டர் வழிந்து வந்து, ஆர்ஹென்டினோ ஏரியின் கரையில் 5 கிலோமீட்டர் அகலமும் நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 70 மீட்டர் உயரமும் உள்ள ஒரு நீலச் சுவராக அது நின்றுவிடுகிறது. நிற்பதாகத் தோன்றுகிறதே தவிர நிற்பதில்லை. நடுப்பகுதி நாளொன்றுக்குச் சுமார் 2 மீட்டர் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது, முகப்பு ஏறக்குறைய அதே வேகத்தில் இடிந்து ஏரியில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த நீலம் வானத்தின் பிரதிபிம்பமன்று. ஆண்டாண்டுகளாக மேலே விழுந்த பனியின் பாரத்தால் காற்றுக் குமிழிகள் பிதுங்கி வெளியேறிய பின் கெட்டியாகிவிட்ட பனிக்கட்டி, ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிட்டு நீலத்தை மாத்திரம் நம்மிடம் திருப்பி அனுப்புகிறது. எதிரே உள்ள குன்றின் சரிவில் படிப்படியாக நடைபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் நீர்க்கரைவரை இறங்கிப் போனவர்கள் தெறித்து வந்த பனிச்சில்லுகளால் உயிரிழந்ததுண்டாகையால், இப்போது அந்தப் பாலங்களை விட்டு இறங்க அனுமதியில்லை.

பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சில மணி நேரம் கொடுக்கிறார்கள். அதற்குள் பெரிய இடிபாடு ஒன்றைப் பார்த்துவிட வேண்டுமென்று எல்லோரும் முகப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இடிகிற சத்தம் நம்மிடம் வந்து சேருவதற்குள் விழ வேண்டியது விழுந்து முடிந்துவிடுகிறது. திரும்பிப் பார்க்கிறவனுக்குக் கிடைப்பது அலை மட்டுமே. பனியின் உட்புறத்திலிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல் அடிக்கடி எழும் சத்தங்களோ, கண்ணுக்குத் தெரிகிற எந்த விளைவையும் உண்டாக்குவதில்லை. ஆகையால் சத்தத்தைக் காதில் வாங்காமல், சாய்ந்து நிற்கும் பனிக் கோபுரங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு அதன்மேலேயே பார்வையை வைத்திருப்பது என்று தீர்மானித்தேன். நான் தேர்ந்த கோபுரம் அன்று சாயங்காலம்வரை அசையவில்லை. மறுநாள் மறுபடியும் போனேன். உச்சிப்பொழுதில் அதன் அடியிலிருந்து உப்புக்கல் அளவில் சில துணுக்குகள் உதிர்ந்தன. சற்றுப் பொறுத்து ஒரு கதவளவு பாளம். பிறகு கோபுரம் முழுவதும், சாய்ந்து விழாமல், நின்ற நிலையிலேயே நீருக்குள் இறங்கியது. நிசப்தமாக இறங்கிய பிறகுதான் முழக்கம் வந்தது.

இதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஒன்றும் இங்கே உண்டு. சில ஆண்டுகளில் பனியாறு முன்னேறி வந்து எதிர்க்கரையிலுள்ள மகல்லானெஸ் தீபகற்பத்தை முட்டிக்கொள்ளும். ஏரியின் ஒரு கிளை அணை கட்டினாற்போல் தனியே பிரிந்து, அதன் நீர்மட்டம் மாதக்கணக்கில் உயர்ந்துகொண்டே போகும். கடைசியில் நீர் பனிக்கடியில் சுரங்கம் குடைந்து வழி கண்டதும், மேலே வளைவாக நின்ற பாலம் ஒரே நாளில் இடிந்து விழும். 1988-இல் விழுந்த பிறகு 2004 வரை அந்தக் காட்சி நிகழவேயில்லை. 2018 மார்ச்சிலோ, பார்ப்பதற்கென்று ஜனங்கள் வந்து குழுமியிருந்தும், புயலடித்த ஓர் இரவில் ஒருவர் கண்ணிலும் படாமல் அது விழுந்துவிட்டது. காத்திருந்தால் கிடைத்தே தீரும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்! மற்றப் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருந்த காலத்திலும் பல பத்தாண்டுகள் நிலை குலையாமலிருந்த இந்தப் பனியாறும் அண்மை ஆண்டுகளில் பின்வாங்கத் தொடங்கியிருப்பதாக விஞ்ஞானிகள் அளந்து சொல்கிறார்கள். இனி அது தீபகற்பத்தைத் தொடுவது எப்போதோ.

பனியாற்றுக்குப் பெயர் தந்த பிரான்சிஸ்கோ மொரேனோ, சிலியோடு எல்லைத் தகராறு நடந்தபோது அர்ஜெண்டினாவின் நிபுணராக இருந்தவர். அந்தச் சேவைக்கு வெகுமதியாக அரசாங்கம் அளித்த நிலத்தில் ஒரு பகுதியை, ஜனங்களுடைய பொதுச் சொத்தாக என்றென்றும் காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1903-இல் திருப்பிக் கொடுத்தார். அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுக்கு அதுவே வித்தாயிற்று. 1877-இல் இந்த ஏரிக்கு வந்து பெயரிட்டவரும் அவரேயானாலும், தம் பெயரைத் தாங்கிய பனியாற்றை அவர் கண்ணால் கண்டதேயில்லை என்பார்கள்.

இதே மாதிரி விநோதம் ஒன்று வடக்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், எல் சால்தேன் என்ற கிராமத்தில் காத்திருக்கிறது. கிராமம் மிகப் புதிது. எல்லைச் சச்சரவில் தன் உரிமையை நிலைநாட்டுவதற்காக 1985-இல் அர்ஜெண்டின அரசாங்கம் அதை ஸ்தாபித்தது. அதன் தலைக்குமேல் 3,405 மீட்டர் உயரத்துக்கு ஒரே கருங்கல்லாக எழுந்து நிற்கும் சிகரத்துக்கு ஃபிட்ஸ் ராய் என்று பெயர் சூட்டியவரும் மொரேனோதான். டார்வினை ஏற்றிக்கொண்டு வந்த 'பீகிள்' கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய், 1834-ஆம் வருஷம் சாந்தா குரூஸ் நதியின் பிரவாகத்துக்கு எதிராக, படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கச் செய்து வாரக்கணக்கில் உள்நாட்டுக்குள் முன்னேறினார். தொலைவில் மலைத்தொடரின் வெண்மை தெரியத் தொடங்கியபோது உணவுப் பொருள் குறைந்துவிட்டதால், நதி பிறக்கும் ஏரியைக்கூடக் காணாமல் திரும்பிவிட்டார். பிற்காலத்தில் பிரிட்டனின் வானிலை இலாகாவை 1854-இல் தோற்றுவித்து, மறுநாள் மழை வருமா வராதா என்பதைப் பத்திரிகை வாயிலாக 1861-இல் முதன்முதல் பொதுஜனங்களுக்கு அறிவித்தவர் அந்த மனிதரே. எந்த ஜோசியத்துக்கும் கட்டுப்படாத வானிலையைப் போர்த்திக்கொண்டிருக்கும் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர் வாய்த்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே சிகரமே இல்லை. கிராமத்தின் ஒரே பெரிய தெருக் கோடியில் சாம்பல் நிறத்தில் மேகம் நின்றது. தங்கியிருந்த விடுதியின் எஜமானியம்மாள் ஒவ்வொரு நாள் காலையிலும் சமையற்கட்டு ஜன்னலைத் துடைத்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்று மலை இல்லை" என்று அறிவிப்பார். "நாளைக்கு உண்டா, அம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "நானா அதைக் கொண்டுவந்து அங்கே வைத்தேன்?" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போய்விட்டார். சன்னிதியில் திரை போட்டு அலங்காரம் நடக்கும்போது, வாசற்படியோரம் சாய்ந்துகொண்டு நேரத்தை நினைக்காமல் நிற்கும் நம் ஊர்க் கிழவிகளின் பொறுமை அந்த விடுதியில் எல்லோருக்குமே படிந்துவிட்டிருந்தது. மறுநாள் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் மட்டும் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் எங்களை வாழவைத்தது மாத்தே. சுரைக் குடுக்கையில் பாதிக்கு மேல் இலைத்தூளை நிரப்பி, கொதிக்காத வெந்நீரை ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிக்கும் கசப்புப் பானம் இது. ஒருவர் வார்த்துக் கொடுப்பார். வாங்கியவர் உறிஞ்சித் தீர்த்துவிட்டுக் குடுக்கையை அவரிடமே திருப்பித் தர வேண்டும். மறுபடி நிரப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். குடுக்கையும் ஒன்று, குழலும் ஒன்று. அண்ணாந்து குடித்தே பழகி எச்சில் பார்க்கும் நம் ஆசாரத்தை முதல் சுற்றிலேயே ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட வேண்டியதுதான். குழலைத் துடைத்தால் கொடுத்தவரை அவமதித்ததாகும். போதும் என்று தோன்றும்போது மட்டும் நன்றி சொல்ல வேண்டும், அதற்கு முன் சொல்லக் கூடாது. மலை இல்லாத நாட்களில் யாரும் நன்றி சொல்ல அவசரப்படவில்லை.

பிறகு ஒரு நாள் விடியற்காலையில் அம்மாள் கதவைத் தட்டினார். கிராமத்திலிருந்து லகூனா தெ லோஸ் த்ரெஸ் என்னும் மலை ஏரிவரை சுமார் 10 கிலோமீட்டர். லெங்கா மரக் காட்டினூடே செல்லும் பாதை கடைசி ஒரு கிலோமீட்டரில் 400 மீட்டர் செங்குத்தாக ஏறுகிறது. காட்டின் முடிவில் கூடாரமடிக்கும் இடத்துக்குப் புவாஸ்னோ என்று பெயர். 1952-இல் லியோனெல் தெரேயும் கீதோ மாஞோனும் இந்தச் சிகரத்தில் முதன்முதல் ஏறி நின்ற பிரெஞ்சுக் குழுவில் உடன் வந்து, மலையை எட்டுமுன்பே ஆற்றைக் கடக்கையில் மாண்டுபோன ஜாக் புவாஸ்னோவின் ஞாபகார்த்தம் அது. ஃபிட்ஸ் ராய்க்குப் பக்கத்திலுள்ள ஊசிச் சிகரமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மேலே ஏறிச் சேர்ந்தபோது ஆகாயத்தில் ஒரு துணுக்கு மேகமில்லை. சிகரத்தின் அடியில் பனியாறு, அதன் அடியில் ஏரி. ஏரியின் நிறத்தை வர்ணிக்கப் போவதில்லை, ஏனெனில் என் குறிப்புப் புஸ்தகத்தில் அந்தப் பக்கத்தில் எழுதி அடித்த மூன்று விசேஷணங்கள்தான் இருக்கின்றன. காற்று மட்டும் நிற்கவில்லை. பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களே ரொட்டியைச் சாப்பிட முடிந்தது. நடுப்பகலுக்குமேல் மேற்கிலிருந்து மேகம் வந்து உச்சியை மூடிவிட்டது.

எல்லையைத் தாண்டிச் சிலியில் உள்ள தோர்ரெஸ் டெல் பைனேதான் இந்தப் பிரதேசத்தில் கீர்த்தி மிக்க ஸ்தலம். கொம்புகள் என்றழைக்கப்படும் சிகரங்களில் வெளிறிய கருங்கல்லின்மேல் கரிய படிவுப்பாறை தொப்பி வைத்தாற்போல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம்பவே தோன்றாது, சுமார் 1.2 கோடி வருஷங்களுக்கு முன்னால் பழைய படிவுப் பாறைகளின் நடுவே பாறைக் குழம்பு புகுந்து இறுகி, மேல்மூடியைப் பனியாறுகள் சுரண்டிக் கொண்டுபோனதில் மீந்தது அது. குவனாக்கோ என்னும் பிராணிகள் கூட்டமாக மேய, ஒன்று மட்டும் மேட்டில் நின்று பூமா வருகிறதா என்று காவல் பார்ப்பதையும் இங்கேதான் கண்டேன். ஆனால் இந்தப் பூங்காவில் இரவு தங்க, எந்த நாள் எந்த முகாமில் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு வர வேண்டும். பூங்காவுக்குப் பெயர் தந்த கருங்கல் கோபுரங்களின் அடிவாரத்துக்கு விடியுமுன் ஏறிச் சென்ற அன்று மூடுபனி கையெட்டும் தூரத்தில் நின்றது. சீட்டின்படி அன்றிரவு நான் வேறொரு முகாமில் இருந்தாக வேண்டும், ஆகவே இறங்கிவிட்டேன். விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2005-இல் ஓர் உல்லாசப் பிரயாணியின் அடுப்பிலிருந்து பற்றிய தீயும், 2011 முடிவில் மூண்டு 17,000 ஹெக்டேருக்கு மேல் பரவிய தீயும் விட்டுச்சென்ற வெளுத்த மரக்கட்டைகள் இன்றும் பாதையோரம் நிற்கின்றன. அத்தனை ஜனங்களை இஷ்டம்போல் தங்கவிட்டால் மிச்சமும் மிஞ்சாது. 1879-இல் குதிரையேறி இங்கே வந்து, இந்தக் கோபுரங்களுக்குக் கிளியோபாட்ராவின் ஊசிகள் என்று பெயரிட்ட ஃப்ளோரன்ஸ் டிக்ஸி சீமாட்டிக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. போகட்டும், ஆனால் எது பிடித்தது என்று கேட்ட நண்பருக்கு நான் எல் சால்தேனைத்தான் சொல்வேன்.

பூங்காவை விட்டு வந்து, புவேர்த்தோ நாத்தலேஸ் ஊரின் பஸ் நிலையத்தில், தெற்கே மகெல்லன் நீரிணைக்குப் போகச் சீட்டு வாங்குவதற்காக வரிசையில் நின்றேன். ஏப்ரல் பிறந்துவிட்டது, சால்தேனில் லெங்கா மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன என்று முன்னால் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள். என் முறை வந்ததும் வடக்கே போகும் பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கினேன். அதனால் நீரிணையைக் கடந்த கதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது.

(தொடரும்)