பச்சையெல்லாம் மேய்ச்சலாகுமா?

தறி ஒன்றும் பசு ஒன்றும் உள்ள இல்லத்தில், தறி ஓயும் நாட்களில் அடுப்பெரியச் செய்வது பசுவே என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துக் கூறவேண்டுவதில்லை. பாவு கிடைக்காத வாரங்களில் பால் பணமே அரிசியாகவும் பிள்ளைகளின் புத்தகமாகவும் மாறுகிறது. அத்தகைய பசுவை அவிழ்த்து விடும் நிலத்தைப் பற்றி மட்டும் நாம் ஏனோ அதிகம் யோசிப்பதில்லை. பச்சையாக இருந்தால் போதும் என்றிருந்து விடுகிறோம்.

நாம் நன்கறிந்த ஒரு நெசவாளர் குடும்பத்தில் நேர்ந்ததைச் சொல்லுவோம். சோளம் அறுத்த காடு நெடுநாள் காய்ந்து கிடந்தது. கோடை மழை ஒன்று பெய்ததும் அடிக்கட்டைகளில் தளதளவென்று துளிர் கிளம்பிற்று. வெறும் வைக்கோலைத் தின்று சலித்த பசுவின் மீது இரக்கங்கொண்டு, வீட்டம்மையார் அதை அங்கே விட்டார். ஒரு மணி நேரம் கழியுமுன் பசு மூச்சிரைத்துத் தள்ளாடி வீழ்ந்து மாண்டது. பாம்பு தீண்டியதென்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். இரண்டுமன்று. இளஞ்சோளத்தில், அதிலும் வறட்சியில் குன்றிய பயிரிலும் அறுத்தபின் விடும் மறுதளிரிலும், மென்றவுடன் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய விஷத்தை வெளிவிடும் பொருள் மிகுந்திருக்கிறது. அது இரத்தத்திலுள்ள பிராணவாயுவை உடல் பயன்படுத்த முடியாதபடி தடுத்து விடுகிறது. அதே சோளம் பூவெடுத்து முதிர்ந்தபின்னும், அறுத்து நன்கு உலர்ந்த தட்டையான பின்னும் விஷம் பெருமளவு குறைந்த நல்ல தீவனமாகிறது. மரவள்ளி இலையிலும் இவ்விஷம் உண்டு; ஆகவே மரவள்ளிக் காட்டோரம் மேய்ப்போர் விழிப்பாயிருத்தல் அவசியம். விஷம் ஏறிய பசுவுக்குக் கால்நடை மருத்துவர் உடனே வந்து தயோசல்பேட் மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தினால் பிழைக்க வழியுண்டு. தமிழ்நாட்டில் 1962 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். நாட்டு மருந்து அரைத்துக் கொண்டிருக்க இதில் நேரமில்லை.

ஆகவே ஒரு நிலத்தைப் பார்க்கும்போது அதன் நிறத்தைப் பாராமல் அதன் சரித்திரத்தைக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. சென்ற போகத்தில் அங்கே என்ன விளைந்தது? என்ன மருந்து, எந்தத் தேதியில் தெளித்தார்கள்? எங்கிருந்து நீர் பாய்கிறது? நிலக்காரரிடம் இம்மூன்றையும் கேட்பதில் வெட்கமொன்றுமில்லை. பருத்திக் காட்டு வரப்புப் புல்லை அறுத்து வருவோர் இரண்டாவது கேள்வியை ஒருபோதும் மறக்கலாகாது.

மேய்ச்சல் நிலம் எவ்வாறிருக்க வேண்டுமென்று அறியக் கொங்கு நாட்டுக் கொறங்காடுகளைப் பார்த்தாலே போதும். காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில், மழை குன்றிய சரளை மண்ணில், குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் நிலங்கள் இவை. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே நிழலுக்கும் கோடையில் காய்க்கும் வெள்வேல மரங்கள். புல்லோடு நரிப்பயறு போன்ற பயற்றுக் கொடிகளும் படர்வதால் மாவுச்சத்தோடு புரதமும் சேர்ந்து கிடைக்கிறது. புகழ்பெற்ற காங்கயம் மாடுகளின் உடற்கட்டு இம்மேய்ச்சலில் உருவானதே. வேலியால் நிலத்தைப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறவிடுவதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. புல் மண்ணோடு ஒட்ட மேயப்பட்டால் கொழுக்கட்டை மறைந்து களையே மிஞ்சும். கொறங்காடு இல்லாதவர்களும் ஒரு பங்கு பயறும் மூன்று பங்கு புல்லுமாக வளரும் வரப்பைத் தேடலாம். ஆனால் பனி காயாத காலையில், வெறும் வயிற்றோடு, தட்டைப்பயறு அல்லது குதிரைமசால் காட்டில் விட்டால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து நேரும். இரண்டு பிடி வைக்கோல் போட்டு, வெயில் ஏறியபின் ஓட்டிச் செல்வது நலம்.

ஏரி உள்வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் வற்ற வற்ற வெளிப்படும் பசும்புல் வளையத்தில், நத்தைகளின் உடலில் வளர்ந்த ஈரல்புழுவின் இளம்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மேய்ந்த பசு மாதக்கணக்கில் மெலிந்து, தாடையின் கீழ் வீக்கங் காண்கிறது. நீர்விளிம்பை விட்டு மேட்டுப் பக்கம் மேய்க்க வேண்டும். புழு மருந்தையும் மருத்துவர் சொற்படி தவறாது கொடுத்து வரவேண்டும்.

இனி நம் தொழிலைச் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லுவதற்கு நமக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பயிருக்கு நீர் தேக்குவதற்குப் பதிலாகச் சாயக்கழிவைத் தேக்கிய கதை நாடறிந்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச்சொல்லும் அளவுக்கு அது முற்றிற்று. அவர்கள் பெரிய ஆலைக்காரர்கள், நாம் சிறு தறிக்காரர்கள் என்று ஒதுங்கிக்கொள்ள முடியுமா? கொல்லையில் சாயத்தொட்டி கழுவிய நீரும் காரச்சோடா நீரும் பாயும் இடத்தில் அறுகு செழித்து வளரக்கூடும். அந்தப் புல்லைப் பசுவுக்குக் காட்டாதீர்கள். அந்த நீரையும் குடிக்க விடாதீர்கள்.

அவ்வாறே அச்சிலிருந்து கழன்ற கம்பித்துண்டு, ஆணி, ஊசி ஆகியவற்றைக் குப்பையோடு கொட்டுவதும் தீது. பசு முதலில் மெல்லாமலே விழுங்குவதால் இரும்பு இரண்டாம் இரைப்பையில் தங்கி, பின்னர் இருதயத்தை நோக்கித் துளைத்துச் செல்லும். கழிவு நூலும் பிளாஸ்டிக் பையும் குடலை அடைத்துவிடும். சாலையோரக் குப்பைமேடு மேய்ச்சல் நிலமாகாது.

அரளி வேலியும் ஊமத்தையும் உண்ணிச்செடியும் உள்ள இடத்தை உள்ளூர்ப் பசு ஒருவாறு அறிந்து விலகும். சந்தையில் புதிதாக வாங்கிய பசுவுக்கு அவ்வறிவு இராது. பசித்த பசுவுக்கும் இராது. பார்த்தீனியம் தின்றால் பால் கசக்கும் என்பதும் பலர் கண்டதே. புது நிலத்தில் விடுமுன் எசமானர் ஒருமுறை குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்து, முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும், கூடவே இருந்து மேய்க்கட்டும்.

முந்நூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ பசும்புல் தேவை. மேய்ச்சலில் எவ்வளவு கிடைத்தது என்பதை மாலையில் இடப்பக்க விலாக்குழி காட்டும். குழி விழுந்திருந்தால் தட்டு வையுங்கள். தாது உப்புக் கலவையையும் தவிட்டில் கலந்து கொடுங்கள்.