மலைப்பாதை ஜீப்பில் என்னென்ன சாமான் வேண்டும்?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதை கல்லும் குழியும்தான். அதில் ஜீப்தான் ஏறும். நடுவழியில் வண்டி நின்றால் ஒர்க்ஷாப் நம்மைத் தேடி வராது. அதற்காகக் கடையையே தூக்கிப் போட முடியுமா? எது போனால் வண்டி நகராதோ, அதற்குத்தான் ஸ்பேர் எடுக்க வேண்டும்.

உதாரணமாக, பழைய டீசல் ஜீப்பில் ஃபேன் பெல்ட் அறுந்தால் வாட்டர் பம்ப் சுற்றாது, என்ஜின் கொதித்துவிடும். ஆகவே பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், டீசல் ஃபில்டர், பிரேக் ஆயில், ஃபியூஸ், தண்ணீர் கேன் கட்டாயம். ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுக்க மறக்கக் கூடாது. டீசல் டேங்க் லேசாகக் கசிந்தால் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைக்கலாம். ஊர் வந்து சேரும்வரை தாங்கும்.

ஸ்பேனரில் நம் வண்டியின் நட்டுக்குச் சேரும் சைஸ்கள் போதும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும். இல்லாவிட்டால் ஈர மண்ணில் ஜாக்கியே புதைந்துவிடும். கனமானதை அடியில் வைத்துக் கட்டுங்கள். டார்ச் லைட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எங்கப்பா பள்ளிக்கூடம் போகாத டிரைவர். "வண்டி நின்னா அன்னிக்கு வீட்டு அடுப்பும் நின்னுரும்" என்பார். புறப்படும் முன் ஒவ்வொரு சாமானையும் தொட்டு எண்ணுவார். டிப்ளமோ படிக்கும் நாம் எண்ணாமல் புறப்படலாமா?