நாலு வீலுக்கும் பவர்... ராலியை மாற்றிய ரகசியம்!

சேற்றில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், வீல் சும்மா சுத்தும், கார் நகராது. பார்த்திருப்பீங்க. காரணம் சிம்பிள். ஒரு டயரால் தரையை ஓரளவுக்குத்தான் பிடிக்க முடியும். அதற்கு மேல் வரும் பவர் வேஸ்ட்!

அதே பவரை நாலு வீலுக்கும் பிரித்துக் கொடுத்தால்? ஒவ்வொரு டயருக்கும் சுமை குறையும். கார் வழுக்காமல் பாயும்.

1981-ல் உலக ராலி சாம்பியன்ஷிப்புக்குள் நுழைந்த ஆடி குவாட்ரோ செய்தது இதைத்தான். கூடுதல் பாகங்களால் எடை ஏறும் என்பது உண்மை. ஆனால், பனியிலும் ஜல்லியிலும் கிடைத்த பிடிமானம் அதை ஈடுகட்டியது. அதே ஆண்டு சான் ரெமோ ராலியை குவாட்ரோவில் ஜெயித்தார் மிஷேல் மூட்டோன். உலக ராலி ஒன்றை வென்ற முதல் பெண் இவர்தான். 1982-ல் தயாரிப்பாளர் பட்டமும் ஆடிக்கே!

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. ஆல் வீல் டிரைவ் உதவுவது கிளம்பவும், வளைவிலிருந்து சீறவும்தான். பிரேக் பிடிக்கும்போது எல்லா காருக்கும் அதே நாலு டயர்தான்!