முனை பொருந்தினால் மட்டும் போதுமா?



சென்ற விடுமுறையில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் பரந்தனுக்குப் போயிருந்தேன். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பின்னர் திரும்பி வந்து குடியேறிய குடும்பம் அது. நான் வந்து அமர்ந்ததும் அந்த வீட்டுத் தாய் கேட்டார்: “மௌலவி, லெப்டொப்புக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி செத்துப்போச்சு. மகளுக்கு உயர்தரச் சோதினை வருகுது. என்ன செய்யிறது?”

கட்டாரிலிருந்த மாமா கொடுத்த பழைய லெப்டொப் அது. பற்றரி பலமிழந்து போனதால் அடெப்டர் இல்லாமல் ஐந்து நிமிடமும் நில்லாது. பிள்ளையின் பாடக்குறிப்புகள் எல்லாம் அதற்குள்ளேதான். பக்கத்து வீட்டில் ஓர் அடெப்டரை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். “முனை சரியாய்ப் பொருந்துது. குத்திப் பார்க்கட்டா மௌலவி?” என்றாள் மகள்.

“பொறு மகள்!” என்றேன். சில வருடங்களுக்கு முன் இதே அவசரத்தில் நஷ்டப்பட்டவன் நான். முனை பொருந்துகிறதே என்று வேறொரு கருவியின் அடெப்டரைச் செருகினேன். அது 24 வோல்ட். என் லெப்டொப்புக்கு வேண்டியதோ 19 வோல்ட். அன்று அணைந்த இயந்திரம் பிறகு எழும்பவேயில்லை.

ரேடியோ கற்றுத் தந்த பாடம்

அடெப்டரை இரவல் தந்த பக்கத்து வீட்டு அம்மா வன்னியிலேயே வாழ்ந்தவர். அவரிடம் வோல்ட் என்றால் என்னவென்று நான் விளக்கத் தொடங்கியதும் சிரித்தார். “அது எங்களுக்குத் தெரியாதா ஐயா?” என்றார்.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்காது. தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்துப் போடுவார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோ கேட்பார்கள். ஒரு டோர்ச் பற்றரி ஒன்றரை வோல்ட். ஆறு பற்றரி போடும் ரேடியோவுக்கு 9 வோல்ட் வேண்டும். ஒன்றைத் தலைகீழாகப் போட்டாலும் ரேடியோ பாடாது. லெப்டொப் அடெப்டருக்குத் தெரியவேண்டிய அடிப்படையும் இவ்வளவுதான் அல்லவா?

அடெப்டர் செய்யும் வேலை என்ன? சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஆடலோட்டம். லெப்டொப்புக்கு வேண்டியது குறைந்த வோல்ட்டிலான நேரோட்டம். ஒன்றை மற்றதாக மாற்றித் தருவதே அந்தக் கறுப்புப் பெட்டி. பரந்தன்வாசிகளுக்கு இது புதினமல்ல. எண்பதுகளின் நடுப்பகுதிவரை இயங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் உப்புக் கரைசலுக்குள் நேரோட்டம் செலுத்தித்தான் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். அங்கே பெரிய அளவில் நடந்த மாற்றம் இங்கே உள்ளங்கை அளவில் நடக்கிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. செத்தது எது? சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் வயர் தனியே கழலும். பல வீடுகளில் பழுதாவது அந்த வயர்தான். அதே மாதிரியான வேறு வயரை மாட்டிப் பாருங்கள். பெட்டி பிழைத்திருந்தால் சிறு செலவோடு காரியம் முடியும்.

2. வோல்ட். லெப்டொப்பின் அடியிலும் பழைய பெட்டியிலும் எழுதியிருக்கும். பெட்டியில் ‘அவுட்புட்’ என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் ஒத்திருக்க வேண்டும். 19க்கு 19.5 பெரும்பாலும் பாதகமில்லை, 24 ஆபத்து.

3. அம்பியர். இது குறையக்கூடாது, கூடினால் தீங்கில்லை. தாங்கி பெரிதென்பதற்காகக் குழாயில் அதிகத் தண்ணீர் பாய்வதில்லையே! லெப்டொப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். 19 வோல்ட்டை 3.42 அம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட். அதற்கு 4.74 அம்பியர், அதாவது 90 வாட் பெட்டி போடலாம். 90 வாட் கேட்கும் இயந்திரத்துக்கு 65 வாட் பெட்டி போட்டால் பெட்டி கொதிக்கும்.

4. முனை. வெளிவிட்டம் ஒன்றாக இருந்தாலும் உள்துளை வேறுபடும். 5.5 மில்லிமீற்றர் முனையிலேயே 2.5 துளையும் உண்டு, 1.7 துளையும் உண்டு. நடுவில் கூட்டல் அடையாளமா, கழித்தல் அடையாளமா என்பதை லேபலிலுள்ள சிறு வட்டப்படம் காட்டும். அதுவும் ஒத்திருக்க வேண்டும்.

5. நடு ஊசி. டெல், எச்.பி. கம்பனிகளின் பல பழைய லெப்டொப்களில் முனையின் நடுவே மெல்லிய ஊசி இருக்கும். பெட்டி எத்தகையது என்று இயந்திரம் அதன் வழியே அறிந்துகொள்ளும். அறிய முடியாவிட்டால் டெல் லெப்டொப் இயங்கினாலும் பற்றரி ஏறாது. ஆகவே அந்தக் கம்பனிக்கென்றே செய்ததாகக் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது லெப்டொப்பையும் பழைய பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். வெளியூரிலிருந்து எடுப்பிப்பதானால் இரண்டு லேபல்களையும் படமெடுத்து அனுப்புங்கள். மீற்றர் வைத்து வோல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டு கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது. முதல் அரைமணி நேரம் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கருகல் மணம் வந்தால் உடனே கழற்றுங்கள்.

இன்னுமொன்று. இரண்டு முனைப் பிளக்கைச் சதுரத் துளையில் செருகுவதற்காக மேல் துளைக்குள் பேனையை நுழைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள், விட்டுவிடுங்கள். மின்சாரம் நின்றால் பிளக்கைக் கழற்றி வையுங்கள். திரும்பி வரும்போது வோல்ட் துள்ளக்கூடும்.

இந்தத் தொல்லை புதிய இயந்திரங்களில் குறைந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைத்தொலைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லெப்டொப்களுக்கும் யூ.எஸ்.பி. சீ என்ற ஒரே முனையை விதித்திருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் கையில் இருப்பவை பழையவைதானே!

பரந்தன் வீட்டுக்கு வருவோம். இரவல் பெட்டியின் லேபலை மகள் வாசித்தாள். 12 வோல்ட், 1 அம்பியர். அது இணையப் பெட்டியொன்றுக்கு உரியது. லெப்டொப்பை எழுப்பும் வலு அதற்கில்லை. மறுநாள் கிளிநொச்சிக்குப் போய், தாயும் மகளும் தாமே எண்களைப் பார்த்து, 19 வோல்ட், 4.74 அம்பியர் பெட்டியொன்று வாங்கி வந்தார்கள். செருகியதும் சின்ன விளக்கு எரிந்தது. பாடக்குறிப்புகள் திறந்தன.

“மௌலவி, இந்த எண்ணெல்லாம் இவ்வளவு நாளும் இதிலேயே இருந்ததா?” என்றார் தாய்.

இருந்தது, சகோதரிகளே. நாம் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். இன்றே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அந்த எண்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பெட்டி செத்த பிறகு தேடுவதைவிட அது இலகு.