வலி போச்சு... கல் போச்சா? சிறுநீரக கல்லுக்கு என்னென்ன சிகிச்சை

பொம்மிடி:
தர்மபுரி மாவட்டம் பொம்மிடி பகுதியில் வயல் வேலை, கட்டிட வேலைன்னு நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் ஏராளம். வியர்வை கொட்டும், தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. சிறுநீர் கெட்டியாகி, அதில் உள்ள உப்புகள் படிந்து கல்லாகிறது.

கல் சிறுநீர்க்குழாயில் இறங்கும்போது இடுப்பில் இருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிடிக்கும். ஊசி போட்டதும் வலி நிற்கும். "கல்லும் போயிடுச்சு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இதுதான் ஆபத்து. கல் வலி இல்லாமலே குழாயை அடைத்துக்கொண்டு இருந்தால் சிறுநீரகம் வீங்கி, நாளடைவில் செயலிழக்கும். கல் வெளியேறியதா என்று மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

கல்லின் அளவு, இருக்கும் இடத்தை வைத்தே சிகிச்சை:

* 5 மி.மீ.க்கு குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறும். வலி மாத்திரையும், தேவைப்பட்டால் குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் தருவார்கள்.

* சிறுநீரகத்தில் 2 செ.மீ. வரை உள்ள கல்லை கத்தி வைக்காமல், வெளியில் இருந்து அதிர்வலை செலுத்தி உடைக்கலாம். இந்த முறை 1980-ல் ஜெர்மனியில் அறிமுகமானது.

* குழாயில் சிக்கிய கல்லை சிறுநீர் பாதை வழியாக மெல்லிய கருவியை விட்டு லேசரால் உடைப்பார்கள்.

* 2 செ.மீ.க்கு மேல் என்றால் முதுகில் சிறு துளை போட்டு எடுப்பார்கள்.

சிகிச்சைக்குப் பின் உள்ளே 'ஸ்டென்ட்' குழாய் வைத்தால், டாக்டர் சொன்ன தேதியில் எடுத்தே ஆக வேண்டும். மறந்தால் அதன் மீதே கல் படியும்.

வாழைத்தண்டு சாறு குடிக்கலாம். ஆனால் பெரிய கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி நாளைக் கடத்தக்கூடாது. பீர் குடித்தால் கல் போகும் என்பதும் தவறு.

வலியோடு குளிர் காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, விடாத வாந்தி இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் வலி வந்ததுமே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

தர்மபுரி, சேலம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளை அணுகலாம். முதல்-அமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதை மறக்காமல் எடுத்துச் சென்று, தங்கள் சிகிச்சைக்கு பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

கல் ஒருமுறை வந்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகம். சிறுநீர் வெளுப்பாகப் போகும் அளவுக்கு, தினமும் 3 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை என்றால் இன்னும் கூடுதல். உப்பைக் குறைக்கணும். பாலை நிறுத்த வேண்டியதில்லை. இதய, சிறுநீரக கோளாறு உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்பது நல்லது.